வாங்கியது பிடிக்கவில்லை, காசு திரும்பக் கிடைக்குமா?

அக்கா குடும்பம் லயத்தை விட்டு 7 பேர்ச் காணியில் கட்டின புது வீட்டுக்குக் குடிபோன அன்று, பால் காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு, சாயந்தரம் உட்கார்ந்து சாமான்களைப் பிரித்துப் பார்த்தோம். சுவர்க்கடிகாரம் மூன்று. ரைஸ் குக்கர் இரண்டு, அதுவும் ஒரே கம்பனி, ஒரே அளவு, மூடியில் ஒரே ரோசாப்பூப் படம். நாலு பேர் சாப்பிடுகிற வீட்டில் இரண்டு குக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அக்கா யோசிக்கும்போதே அத்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பெட்டியே உடைக்கல. ஏழு நாளைக்குள்ள கொண்டுபோனா கடைக்காரன் காசு குடுத்தே ஆகணும். சட்டம் இருக்கு." பக்கத்தில் இருந்த மாமா விடவில்லை. "அட போங்க தம்பி, பழுதானதையே வாங்க மாட்டான், நல்லதையா வாங்கப் போறான்? போர்டே மாட்டி வச்சிருக்கானே."

இதே வாதத்தை ஹட்டன் பஸ்ஸிலும் கேட்டிருக்கிறேன், சலூனிலும் கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஆளுக்குப் பாதி தப்பு. அத்தான் சொல்கிற ஏழு நாள் சட்டம் இல்லை. மாமா சொல்கிற மாதிரி போர்டு மாட்டினால் எல்லாம் முடிந்துவிட்டது என்பதும் இல்லை. எங்கே சிக்கல் வருகிறது என்று மெதுவாகப் பார்ப்போம்.

பால் கொட்டிலில் நடப்பது

மலையகத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. காலையில் பாலைக் கொண்டுபோய்ச் சேகரிக்கும் இடத்தில் கொடுக்கிறோம். அளக்கிறார்கள், சோதிக்கிறார்கள், துண்டு எழுதுகிறார்கள், பெரிய கேனில் ஊற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளைக்குப் பால் இல்லையே என்று ஞாபகம் வந்து, திரும்பி ஓடிப்போய் "என் ரெண்டு லீட்டரைக் குடுங்க" என்று கேட்டால் சிரிப்பார்கள். கொடுத்தது கொடுத்ததுதான்.

அதே இடத்தில், பால் திரிந்திருந்தாலோ தண்ணீர் கலந்திருந்தாலோ, "இது வேண்டாம், கொண்டுபோங்க" என்று அவர்கள் திருப்பி அனுப்பலாம். அதற்கு நம்மிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை.

கடையிலும் இந்த இரண்டும் வேறு வேறு. பொருள் சொன்ன மாதிரி இல்லை, வேலை செய்யவில்லை, உடைந்திருக்கிறது, காலாவதியாகிவிட்டது என்றால் அது குறைபாடு. பொருளில் ஒன்றும் பிசகில்லை, ஆனால் நிறம் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை, வீட்டில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது, அடுத்த கடையில் 300 ரூபாய் குறைவாக இருந்தது என்றால் அது மனமாற்றம். குறைபாட்டுக்குச் சட்டம் துணை நிற்கும். மனமாற்றத்துக்குக் கடைக்காரரின் வாக்குத்தான் துணை. நம் ஊரில் நடக்கிற கடைச் சண்டையில் முக்கால்வாசி இந்த இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால்தான்.

அளவு சேராத சப்பாத்து குறைபாடு இல்லையா என்று கேட்பீர்கள். பெட்டியில் 4 என்று போட்டு உள்ளே 5 இருந்தால் குறைபாடு. பெட்டியிலும் 4, உள்ளேயும் 4, பிள்ளையின் கால் 5 என்றால் அது நம் பிசகு.

காசு கொடுத்த நொடியில் என்ன மாறுகிறது

இலங்கையில் பொருள் வாங்கல் விற்றலுக்கு அடிப்படையாக இருப்பது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அதற்கு 3 வருடம் முன்பு, 1893இல், பிரித்தானியாவில் வந்த சட்டத்தை அச்சாக வைத்து எழுதியது. தேயிலை பழைய காலத்துப் பெட்டியில் கப்பலேறிய நாளில் எழுதின சட்டம் என்றாலும் இன்றைக்கும் அதுதான் கணக்கு.

அந்தச் சட்டத்தின் பார்வையில் விற்பனை என்பது விலைக்கு ஈடாகப் பொருளின் உடைமையை மாற்றிக் கொடுப்பது. உடைமை என்றால் "இது யாருடையது" என்ற கேள்விக்கான பதில், அவ்வளவுதான். மேசைக்கு மேலாக நான் காசைக் கொடுத்து அவர் குக்கரைத் தந்ததும் குக்கர் என்னுடையது, காசு அவருடையது. கொடுக்கல் வாங்கல் அங்கேயே முடிந்துவிட்டது, எதுவும் தொங்கிக்கொண்டு இல்லை. நாளைக்கு நான் குக்கரோடு போய் நின்றால், நான் கேட்பது உண்மையில் பழைய வியாபாரத்தை அழிக்கச் சொல்லி. வேறு மாதிரிச் சொன்னால், என் குக்கரை அவர் என்னிடமிருந்து விலைக்கு வாங்க வேண்டும் என்று கேட்கிறேன். இந்தத் தடவை நான் வியாபாரி, அவர் வாடிக்கையாளர். வாங்கு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாதே.

நகைக்கடையில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் ரைஸ் குக்கர் என்று வந்ததும் மறந்துவிடுகிறோம். போன மாதம் வாங்கின சங்கிலியை இந்த மாதம் கொண்டுபோய் வைத்தால் கொடுத்த காசை அப்படியே திருப்பித் தருவார்களா? தராசில் போட்டு, உரசிப் பார்த்து, அன்றைய தங்க விலைக்குக் கணக்குப் போடுவார்கள். செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான். யாரும் அதற்குச் சண்டை போடுவதில்லை, ஏனென்றால் கடை அந்தச் சங்கிலியை நம்மிடமிருந்து வாங்குகிறது என்று மனதுக்கே தெரியும். துணிக்கடையிலும் சாமான் கடையிலும் நடப்பது அதேதான்.

ஆக, இதுவரைக்கும்: காசு கொடுத்ததும் வியாபாரம் முடிந்தது. பழுதில்லாத பொருளைத் திருப்பிக் கொடுப்பது இரண்டாவது வியாபாரம். அதற்கு இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும்.

சட்டம் எதற்குக் கைகொடுக்கும்

விற்கும்போது யாரும் வாய்திறந்து சொல்லாவிட்டாலும் சொன்னதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிற சில வாக்குகள் உண்டு. இவற்றை உட்கிடையான நிபந்தனைகள் என்பார்கள். பொருள் வர்ணித்த மாதிரி இருக்க வேண்டும், அந்த வகைப் பொருளை விற்கிற வியாபாரியிடம் வாங்கினால் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், "குளிருக்குப் போடத்தான் கேக்குறேன்" என்று தேவையைச் சொல்லி அவர் பேச்சை நம்பி வாங்கினால் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும், மாதிரி காட்டி விற்றால் மூட்டையில் இருப்பதும் மாதிரியைப் போல இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் "வாங்கினவருக்குப் பிடிக்க வேண்டும்" என்று ஒன்று இல்லை.

இன்னொரு நுணுக்கம். வாங்குமுன் நாமே புரட்டிப் பார்த்த பொருளில், பார்த்திருந்தாலே தெரிந்திருக்கக்கூடிய குறைக்குத் தர நிபந்தனை பொருந்தாது. அதனால் பேவ்மெண்டில் குவித்துப் போட்டிருக்கும் ஜெர்சிகளை வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பார்க்கிற நம் ஆத்தாமார்தான் சட்டம் தெரிந்தவர்கள்.

அப்புறம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அத்தான் சொன்ன "சட்டம் இருக்கு" பெரும்பாலும் இதை நினைத்துத்தான். இதில் பயனுள்ள விஷயங்கள் நிறைய: கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும், விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும், பொய்யான அல்லது திசைதிருப்புகிற தகவல் சொல்லி விற்கக்கூடாது. ஆனால் மனம் மாறினால் இத்தனை நாளுக்குள் காசு திரும்ப என்ற பொது விதி இதில் கிடையாது.

லண்டன் மாமா சொன்ன 14 நாள்

ஏழு நாள், 14 நாள் என்கிற பேச்செல்லாம் எங்கிருந்து வருகிறது? வெளிநாட்டுச் சொந்தக்காரர்களிடமிருந்தும் யூடியூபிலிருந்தும். பிரித்தானியாவில் 2013இல் வந்த விதிகளின்படி, ஒன்லைனிலோ தொலைபேசியிலோ வாங்கின பொருளைக் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 14 நாள்தான். இதை யோசனைக் காலம் என்று சொல்லிக்கொள்ளலாம். தொட்டுப் பார்க்காமல், போட்டுப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து வாங்கினவருக்கு, கடையில் நின்று பார்த்தவருக்குக் கிடைத்த வாய்ப்பைப் பின்னாலாவது கொடுப்பதுதான் நோக்கம்.

இதில் வேடிக்கை, அந்த 14 நாள் கடைக்குள் நடந்துபோய் வாங்கினால் அங்கேயும் பொருந்தாது. லண்டன் கடையில் நேரில் வாங்கின நல்ல சட்டையை மாற்றித் தருவதும் காசு தருவதும் அந்தக் கடையின் கொள்கை. பெரிய கடைகள் பெரும்பாலும் தருகின்றன, அதனால் அங்கே இருப்பவர்களே அதைச் சட்டம் என்று நம்புகிறார்கள். நம் ஆட்கள் அதை இங்கே வந்து சொல்ல, இங்கே அது இரண்டாம் கைச் சட்டமாகிவிடுகிறது.

பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள் என்கிற வாக்கு புதுசும் இல்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் ஜொசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் வியாபாரி அப்படிச் சொல்லி விற்றிருக்கிறார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. தூரத்தில் இருக்கிறவர் பயப்படாமல் வாங்குவார் என்ற கணக்கு. நம் தேயிலையைப் பிறகு எத்தனையோ பேர் குடித்தது அந்த மாதிரிக் கோப்பைகளில்தான்.

கடைக்காரர் பக்கம் நின்று பார்த்தால்

தீபாவளி முற்பணம் வந்த வாரத்தில் டவுனுக்குப் போனவர்களுக்குத் தெரியும், கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. அந்த வாரத்தில் ஒரு ஸ்வெட்டரை 2,500 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் அவர் அதை 1,900க்கு எடுத்திருந்தால் கையில் நிற்பது 600, அதிலிருந்துதான் கடை வாடகை, பையனின் சம்பளம், கரண்ட் பில். தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து அந்த ஸ்வெட்டர் திரும்பி வருகிறது. பொலித்தீன் உறை இல்லை, டேக் அறுந்திருக்கிறது. இப்போது அதை 1,700க்குக் கூடக் கேட்க ஆளில்லை. 2,500ஐத் திருப்பிக் கொடுத்தால் 600 லாபம் போவதோடு, 1,900க்கு வாங்கின பொருளில் மேலும் 200க்குக் குறையாத கைநட்டம். கொழும்பு மொத்த வியாபாரி அதைத் திருப்பி எடுப்பாரா? பழுதானதை எடுப்பார், விற்காததை எடுக்க மாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது, கடைக்காரர்கள் நாகரிகத்துக்காக வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். போட்டுவிட்டுக் கொண்டுவருகிற பழக்கம். போன வருடம் எங்கள் சித்தி மகனுக்கு வாங்கின பாடசாலைச் சப்பாத்தை மாற்ற நானே போனேன். "போடவே இல்லண்ணே" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை நீட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு சப்பாத்தைக் கவிழ்த்து, அடிப்பக்கக் கோட்டுக்குள் நகத்தை விட்டுக் கீறி, மேசை மேல் தட்டினார். சிவப்பு மண் ஒரு சிட்டிகை விழுந்தது. "கடைக்குள்ள மண் இல்லையே தம்பி" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச?

துணியில் மண் இருக்காது, விறகுப் புகை இருக்கும். அடுப்படிக் கொடியில் ஒரு ராத்திரி தொங்கின ஸ்வெட்டரை முகர்ந்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சில பொருளை யாருமே திருப்பி எடுக்காததற்கும் இதுதான் காரணம். உள்ளாடை, தோடு, கிறீம், மருந்து, சாப்பாட்டுச் சாமான் என்பவற்றை அடுத்தவருக்கு விற்க முடியாது. மீட்டர் கணக்கில் வெட்டின துணியும் அப்படித்தான், கத்தரி பட்ட பிறகு அது உங்கள் அளவுத் துணி.

காசு, மாற்று, துண்டு

"திருப்பி எடுப்போம்" என்று கடைக்காரர் சொன்னால் அதில் மூன்று அர்த்தம் இருக்கலாம், எது என்று கேட்காமல் வந்து பின்னால் முழிப்பவர்கள் அதிகம். காசாகவே திரும்பக் கிடைப்பது மீளளிப்பு. அதே விலைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்வது மாற்று. இன்றைக்கு ஒன்றும் எடுக்காமல், பிறகு வந்து இவ்வளவு ரூபாய்க்கு எடுக்கலாம் என்று எழுதித் தருகிற துண்டு கிரெடிட் நோட்.

மாற்று என்றால் கடை ஓரளவு சுலபமாகத் தலையாட்டும், ஏனென்றால் கல்லாப்பெட்டியிலிருந்து காசு வெளியே போவதில்லை. கிரெடிட் நோட்டில் மட்டும் கவனம் வேண்டும். அது நாம் கடைக்குக் கொடுத்த கைமாற்று மாதிரி. திகதி முடிந்தாலோ கடை பூட்டினாலோ அந்தத் துண்டு வெறும் காகிதம். கடைசித் திகதி எது, பாதிக்குப் பொருள் எடுத்தால் மிச்சம் என்ன ஆகும் என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கார்டில் கட்டின காசைக் கையில் காசாகக் கேட்டால் பெரும்பாலும் தர மாட்டார்கள். வந்த வழியே அதே கார்டுக்குத்தான் அனுப்புவார்கள், வங்கி வழியாகப் போவதால் சில நாள் எடுக்கும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

அந்த போர்டும் வாய்வாக்கும்

"விற்ற பொருட்கள் திரும்பப் பெறப்பட மாட்டாது." பழுதில்லாத பொருளைப் பொறுத்தவரை இந்த போர்டு, எங்களிடம் இரண்டாவது வியாபாரம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்வதுதான். பழுதான பொருளைக் கொண்டுபோய் நிற்கிறவருக்கு அதை விரல் நீட்டிக் காட்டினால் அது செல்லாத சாட்டு. மாமா குழப்பிக்கொண்டது இங்கேதான்.

மறுபக்கம், கடை தானாக "7 நாளைக்குள் மாற்றித் தருவோம்" என்று பில்லில் அச்சடித்திருந்தால், அல்லது வட்ஸ்அப்பில் "அளவு சரியில்லாட்டி அனுப்புங்க அக்கா, மாத்தித் தாறோம்" என்று எழுதியிருந்தால், அதை நம்பி நீங்கள் வாங்கினால், அந்த வாக்கு விற்பனையின் ஒரு பகுதி. சட்டம் தராத உரிமையைக் கடை தானே தந்துவிட்டது, இனி அது பின்வாங்க முடியாது. அதனால்தான் காசு கொடுக்குமுன் கேட்கிற ஒரு கேள்வி, பிறகு போடுகிற பத்துச் சண்டையைவிடப் பெறுமதி. "வீட்ல காட்டிட்டு வேணாம்னா மாத்தலாமா? காசா, பொருளா? எத்தனை நாள்?" அவர் ஆம் என்றால் பில்லின் பின்பக்கம் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பேஸ்புக் பக்கத்தில் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கூரியர் பையன் மேலே தோட்டத்துக்கு வர மாட்டான், டவுனுக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வான், காசு கொடுக்காமல் பொதியை உடைக்க விட மாட்டான். திருப்பி அனுப்புகிற கூலி யாருடையது என்று முதலிலேயே கேட்காவிட்டால் 900 ரூபாய் பிளவுசுக்கு 400 ரூபாய் கூலி என்று முடியும். வாக்குக் கொடுத்த மெசேஜை ஸ்கிரீன்சொட் எடுத்து வையுங்கள். பில்லையும் போட்டோ எடுங்கள், கடைகளில் மெஷினில் வருகிற பில் வெப்பத்தாள், அடுப்புக்கு மேல் தட்டில் வைத்தால் எழுத்தே இருக்காது.

எப்போது போவது

உரிமை இல்லாத இடத்தில் கேட்கிற விதம்தான் எல்லாம். சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதியோடு போய்க் கூட்டத்தில் நிற்காதீர்கள். வார நாளில் பத்து, பதினொரு மணிக்குப் போங்கள். அதற்காகக் கதவு திறந்ததுமே போகவும் கூடாது, போணியாகாமல் காசு வெளியே போனால் எந்த முதலாளிக்கும் மனசு சரியிருக்காது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரமும் வேண்டாம். டேக், உறை, பெட்டி, பில் எல்லாம் சேர்த்துக் கொண்டுபோய், பழுது என்று பொய் சொல்லாமல், "பொருள் நல்ல பொருள், எங்களுக்குத்தான் தோதுப்படல" என்று தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

உண்மையிலேயே பொருள் பழுது என்றால், அல்லது உத்தரவாதத்தை மதிக்க மறுத்தால், கெஞ்ச வேண்டியதில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கின நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், பில் பிரதியோடு.

குக்கர் கதை

பரிசாக வந்த பொருளில் இன்னொரு முடிச்சு. கடைக்கும் அக்காவுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை, வாங்கினது சின்னத்தை. கடை வாக்குக் கொடுத்திருந்தாலும் அவருக்குத்தான் கொடுத்தது, பில்லும் அவரிடம். "நீங்க தந்ததை மாத்தப் போறோம், பில் குடுங்க" என்று அவரிடம் கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை, ஒரு வாரம் போனது. கடைசியில் நான்தான் போன் எடுத்தேன். சின்னத்தை, "இதுக்கா யோசிச்சீங்க, எனக்கும் அப்பிடி மூணு ஃபிளாஸ்க் கெடக்கு" என்று சொல்லிப் பில்லைப் படம் எடுத்து அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போனோம். முதலாளி பெட்டியின் அடியில் இருந்த இலக்கத்தையும் பில்லையும் ஒப்பிட்டுப் பார்த்தார், பரிசுத்தாள் ஒட்டின டேப் பெட்டியின் மேல்தாளை உரித்திருந்த இடத்தை விரலால் தடவினார். "பெட்டி இப்பிடி இருந்தா யாரும் விலைக்கு எடுக்க மாட்டாங்க தங்கச்சி. காசு தர ஏலாது. 300 கழிச்சு, மிச்சத்துக்கு என்ன வேணும்னாலும் எடுங்க." அத்தான் வாயைத் திறக்கப் போனார், அக்கா அவர் கையை அழுத்தினாள். நகைக்கடைக் கணக்கில் அந்த 300 செய்கூலி. ஒரு அயன்பொக்ஸ் எடுத்தோம், மேலதிகமாக 450 ரூபாய் கட்டினோம், புதுப் பில் வாங்கினோம். மூன்று கடிகாரமும் கண்டியில் வாங்கினதாம், பஸ் காசைக் கணக்குப் பார்த்து அவற்றை அறைக்கு ஒன்றாக மாட்டியாயிற்று.